பதினேழு கடல் சாவிகள்

எங்கள் சந்தில் அவளைச் சாவிக்காரி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். முகத்துக்கு நேராக அப்படிக் கூப்பிட்டாலும் கோபப்பட மாட்டாள். மற்ற எல்லாவற்றுக்கும் கோபப்படுவாள். அவள் கடைக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர்தான். அவள் மிஷினில் சாவி அரைத்தால் என் மேஜையில் பேனா ஆடும். பத்து வருடமாக அந்த ஆட்டத்தோடுதான் வேலை பார்க்கிறேன். நான் அவளைச் ‘சாவி’ என்பேன். அவள் என்னை ‘ஜெராக்ஸ்’ என்பாள்.

அதற்கு முன்பு அவள் ஒரு கார் கம்பெனியின் சர்வீஸ் பிரிவில், உதிரிபாகக் கவுண்ட்டரில் இருந்தாள். சாவி தொலைத்துவிட்டு வருகிறவர்களுக்குப் புதுச் சாவி செய்து, வண்டியின் கம்ப்யூட்டரோடு அதைப் பழக்கிக் கொடுப்பது அவள் பொறுப்பு. ஒருநாள் வாடிக்கையாளர் எதிரிலேயே மேனேஜரைப் பார்த்து “பொய் சொல்லாதீங்க சார்” என்று சொல்லிவிட்டாள். அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கல்யாணம் இரண்டு வருடம் ஓடியது. அதைப் பற்றி யாராவது கேட்டால், “கியாரண்டி முடிஞ்சிடுச்சு” என்பாள். அதற்கு மேல் பேச்சு வளராது.

அவளுடைய அக்கா வீட்டுக்காரர் பல் டாக்டர். வாரநாளில் பல் பிடுங்குவார், ஞாயிற்றுக்கிழமை கடலில் குதிப்பார். படகெல்லாம் கிடையாது. பாறைக் கரைக்குக் காரில் போய், அங்கேயே உடுப்பு மாட்டி, சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு, படியில் இறங்கி அப்படியே தண்ணீருக்குள் போய்விடுகிற கூட்டம் அது. டாக்டர்தான் அந்த கிளப்புக்குத் தலைவர். மச்சினியை யாருக்காவது அறிமுகம் செய்யும்போது, “எங்க வீட்லயே பூட்டு உடைக்கிற ஆள் ஒண்ணு இருக்கு” என்று சொல்லிச் சிரிப்பார். சுற்றி இருப்பவர்களும் சிரிப்பார்கள். சாவிக்காரி மட்டும் சிரித்ததில்லை.

அந்த ஆட்களுக்கு ஒரு பெரிய தலைவலி உண்டு. தண்ணீருக்குள் போகிற முக்கால் மணி நேரமும் கார் சாவியை எங்கே வைப்பது? இப்போது வருகிற சாவிகளுக்குள் பேட்டரியும் கம்ப்யூட்டர் சில்லும் இருக்கின்றன. உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு நுழைந்தால் கதை முடிந்தது. வாயை இறுக்கி மூடிய டப்பாவில் போட்டு உள்ளே கொண்டுபோனவர்களும், டப்பாவுக்குள் தண்ணீரோடு திரும்பி வந்து அவள் கடை வாசலில் நின்றிருக்கிறார்கள். கடைசியில் டாக்டர்தான், வேறு வழியில்லாமல், மச்சினியிடம் யோசனை கேட்டார்.

அவள் சொன்ன வழி எளிமையானது. கம்பெனிச் சாவியைத் தகர டின்னில் போட்டு மூடி, காருக்குள்ளேயே ஒளித்து வைத்துவிட வேண்டும். டின்னுக்குள் இருந்தால் அதன் சிக்னல் கதவுக்கு எட்டாது. கதவை மட்டும் திறக்கிற மாதிரி, சில்லும் பேட்டரியும் இல்லாத தட்டைச் சாவி ஒன்றை அவள் வெட்டித் தருவாள். அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டு, நீச்சல் உடுப்புக்கு உள்ளே விட்டுக்கொண்டு இறங்க வேண்டும். கிளப்பில் பதினேழு பேருக்கு வெட்டிக் கொடுத்தாள். கடல் சாவி என்று அவர்களே பெயர் வைத்தார்கள். ஒவ்வொருவரிடமும் கொடுக்கும்போது, “இது உங்க உடம்பை விட்டுப் போகக்கூடாது, சொல்லிட்டேன்” என்று விரலை நீட்டிச் சொன்னதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

ஏழெட்டு மாதம் நன்றாகப் போயிற்று. பிறகு ஒரு ஞாயிறு, ஒரு காருக்குள் இருந்த இரண்டு போன்களும் பர்ஸும் காணாமல் போயின. கண்ணாடி உடையவில்லை, கதவில் கீறல் இல்லை, பூட்டு பூட்டியபடியே இருந்தது. இரண்டு வாரம் கழித்து இன்னொரு காரில் லேப்டாப். மூன்றாவது தடவை, டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்த கம்பெனிச் சாவியோடு காரே போய்விட்டது.

அடுத்த ஞாயிறு அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. கிளப் ஆட்கள் நாலைந்து பேரும் வந்திருந்தார்களாம். கை கழுவிவிட்டு வந்த டாக்டர், துண்டில் விரலைத் துடைத்துக்கொண்டே கேட்டிருக்கிறார்.

“உடைக்காம திறந்திருக்கான்னா சாவி போட்டுத்தான் திறந்திருக்கணும். எல்லாச் சாவியையும் வெட்டினது யாரு?”

“நான்தான். என்ன சொல்ல வர்றீங்க அத்தான்?”

“நான் ஒண்ணும் சொல்லலை. கேட்டேன்.”

“இல்ல, சொல்லுங்க. நேராவே சொல்லுங்க.”

“வெட்டின அளவையெல்லாம் எழுதி வெச்சிருப்பேல்ல? அது யார் கைக்குப் போச்சுன்னு உனக்கே தெரியாம இருக்கலாம்.”

அக்கா அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லையாம். சாவிக்காரி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். மறுநாள் காலை கடை திறக்கும்போது என்னிடம் இதைச் சொன்னாள். குரலில் அழுகை எதுவும் இல்லை. ஷட்டரை மட்டும் இரண்டு தடவை தூக்கி இரண்டு தடவை இறக்கினாள்.

“ஜெராக்ஸ், வர்ற ஞாயித்துக்கிழமை உனக்கு லீவுதானே? என்கூட வா.”

“எங்க?”

“கடற்கரைக்கு. காத்து வாங்கப் போறோம்.”

காற்று வாங்குகிற முகம் அது இல்லை.

காலை ஏழு மணிக்கே அவள் வேனில் போய், கார் நிறுத்துமிடத்தின் கடைசி மூலையில், சுவரோரமாக நிறுத்திக்கொண்டோம். வேனின் பக்கவாட்டில் கடைப் பெயர் பெரிதாக எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தைச் சுவருக்குக் காட்டி நிறுத்தினாள். பின் கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது. என் கையில் ஒரு நோட்டைக் கொடுத்தாள். “நான் சொல்லச் சொல்ல எழுது.”

எட்டரைக்கு கிளப் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மொத்தம் பதினோரு கார். உடுப்பு மாட்டுவதும், ஜிப்பை இழுத்துவிடச் சொல்லி ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டுவதும், கேலியும் கிண்டலுமாக இருந்தது. கதவைப் பூட்டினார்கள். பிறகு ஒவ்வொருவராக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்தார்கள்.

“மீசை வெச்ச ஆளு, சிவப்புக் கார், பின் டயருக்கு மேல. எழுதிட்டியா? வெள்ளைக் கார், நம்பர் பிளேட்டுக்குப் பின்னாடி. அந்த நர்ஸம்மா செருப்புக்குள்ள போட்டுச் செருப்பைக் கார் அடியில விடுது. அய்யோ, அங்க பாரு, கல்லுக்கு அடியில வெச்சுட்டு அடையாளத்துக்கு மேல இன்னொரு கல்லு வைக்கிறான்!”

பதினோரு பேரில் ஒன்பது பேர் சாவியை வெளியில்தான் வைத்தார்கள். ஒருவர் நம்பர் போட்டுத் திறக்கிற சின்னப் பெட்டியில் போட்டுக் கார் முன்னால் இருக்கும் கொக்கியில் பூட்டினார். அந்த நம்பரை எங்கள் வேனுக்குக் கேட்கும்படி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே திருகினார். கழுத்தில் கயிறு போட்டு, உடுப்புக்குள் விட்டு, ஜிப்பை மேலே இழுத்த ஆள் ஒரே ஒருவர்தான். அது டாக்டர்.

“சொன்னதைக் கேட்டது இந்த ஆள் ஒருத்தர்தான்” என்றாள். வெறுப்போடுதான் சொன்னாள்.

எல்லோரும் படியிறங்கிப் போனபிறகு நிறுத்துமிடம் காலியாகக் கிடந்தது. மேட்டில் ஒரு வயதான தம்பதி மட்டும் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் பிளாஸ்க். அந்த அம்மாவின் மடியில் பைனாகுலர். இறங்கும்போது நர்ஸம்மா அவர்களைப் பார்த்து, “வண்டியைக் கொஞ்சம் பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் போனதும், அந்தப் பெரியவர் கையை உயர்த்தித் தலையசைத்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பறவை பார்க்க வருகிறவர்கள் என்று நினைத்தேன்.

“ஜெராக்ஸ், பறவை எந்தப் பக்கம் இருக்கு?”

“கடல் பக்கம்.”

“அந்தம்மா எந்தப் பக்கம் பாக்குது?”

கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதையும் எழுதினேன்.

அதற்குள் அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, படிப்பக்கம் கூச்சல் கேட்டது. மீசைக்காரரும் நர்ஸம்மாவும் ஒரு ஆளை இரண்டு பக்கமும் தாங்கி இழுத்துக்கொண்டு மேலே வந்தார்கள். அவர் ஒரு கணக்கு வாத்தியார் என்று பிறகு தெரிந்தது. அடியில் எதற்கோ பயந்து, நிதானமாக வர வேண்டியவர் ஒரே மூச்சில் மேலே வந்திருக்கிறார். உதடு நீலம். இருமும்போது இளஞ்சிவப்பாக நுரை வந்தது. ஒரு கால் தரையில் ஊன்றவே இல்லை, இழுபட்டது.

“ஆக்ஸிஜன்! ஆக்ஸிஜன் எங்க?” என்று நர்ஸம்மா கத்தினாள்.

“தலைவர் வண்டியில!”

“திறங்க!”

“சாவி அவர்கிட்ட இருக்கு. அவர் கீழ இருக்காரு.”

டாக்டர் மேலே வர இன்னும் இருபது நிமிடமாவது ஆகும். மீசைக்காரர் தன் டயரின் மேல் கைவிட்டுச் சாவியை எடுத்து, காரைத் திறந்து, போனில் ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். அதற்குள் சாவிக்காரி வேனிலிருந்து இறங்கி ஓடிக்கொண்டிருந்தாள். கையில் ஒரு தட்டையான ரப்பர் பையும் நீளக் கம்பியும். டாக்டர் காரின் கதவு மேல் இடுக்கில் பையைச் செருகி, அதோடு இருந்த பம்பை அமுக்கினாள். பை உப்பிக் கதவு விரலளவு விலகியது. கம்பியை உள்ளே விட்டுப் பிடியை இழுத்தாள். கார் ஊரைக் கூட்டுகிற மாதிரி அலற ஆரம்பித்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பின் சீட்டிலிருந்து பச்சைப் பெட்டியை எடுத்து நர்ஸம்மாவிடம் கொடுத்தாள். முகத்தில் மாஸ்க்கை வைத்துக் கொஞ்ச நேரத்தில் வாத்தியாரின் மூச்சு சீராக ஆரம்பித்தது.

நன்றி சொல்வார்கள் என்று நினைத்தேன். எனக்கு அப்போது அவ்வளவுதான் விவரம்.

மீசைக்காரர் போனைக் காதிலிருந்து எடுத்து, அவள் பக்கம் திருப்பிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவராக மேலே வந்தவர்கள் முதலில் வாத்தியாரைப் பார்த்தார்கள், அப்புறம் அலறுகிற காரைப் பார்த்தார்கள், அப்புறம் அவள் கையிலிருந்த கம்பியைப் பார்த்தார்கள். ஆம்புலன்ஸ் வந்து வாத்தியாரைத் தூக்கிக்கொண்டிருக்கும்போதுதான் டாக்டர் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தார்.

“என் வண்டியைத் திறந்தது யாரு?”

“நான்தான். ஆக்ஸிஜன் உள்ள இருந்துச்சு” என்றாள்.

“நீ இங்க எப்படி வந்தே? உன்னை யாரு கூப்பிட்டா?”

மீசைக்காரர், “அந்த மூலையில வேனை மறைச்சு நிறுத்திட்டு உள்ள உக்காந்திருந்தாங்க தலைவரே” என்றார்.

டாக்டர் எல்லோரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். “பாத்துக்கிட்டீங்களா? ஒரு கீறல் இல்லாம, ஒரு நிமிஷத்துல. மூணு வண்டியை எப்படித் திறந்தாங்கன்னு மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்தோமே. குடும்பத்துல ஒரு திருடிய வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடியிருக்கேன்.”

அந்த வார்த்தைக்கு அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். என் கையிலிருந்த நோட்டைப் பிடுங்கினாள்.

“டாக்டர்” என்றாள். அத்தான் என்ற வார்த்தையை அன்றைக்கு விட்டவள்தான், இன்றுவரை எடுக்கவில்லை. “திருடணும்னா எனக்குக் கம்பி வேணாம். சிவப்புக் கார், டயர் மேல. வெள்ளைக் கார், நம்பர் பிளேட்டுக்குப் பின்னாடி. நர்ஸம்மா, உங்க செருப்புல. அந்தச் சாம்பல் கார், ரெண்டு அடுக்குக் கல்லு. பெட்டியில பூட்டினவரே, உங்க நம்பர் நாலு ஒண்ணு நாலு ஒண்ணு. ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருந்தேன், அவ்வளவுதான். உடம்பை விட்டுப் போகக்கூடாதுன்னு பதினேழு பேருக்கும் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கயிறு நெஞ்சுல உறுத்துதுன்னு டயர்ல வெச்சுட்டு, காணோம்னா நான் திருடியா?”

வெட்கப்பட்டார்கள் என்று சொல்ல ஆசைதான். ஒருவர், “எங்களை வேவு பாக்க நீ யாரு?” என்று கத்தினார். நர்ஸம்மா செருப்பைக் குனிந்து எடுத்துக்கொண்டாள். டாக்டர் போலீஸுக்குப் போன் செய்தார்.

வந்தது ஒரு பெண் இன்ஸ்பெக்டர். மீசைக்காரரின் வீடியோவைப் பார்த்தார். வேனை ஸ்டேஷனுக்கு எடுத்துப் போனார்கள். வெளிவேலைக்காகக் கடையிலிருந்து ஏற்றி வைத்திருந்த சாவி அரைக்கிற மிஷின், கம்ப்யூட்டர், கம்பிகள் எல்லாமே அதற்குள்தான் இருந்தன. எங்கள் இருவரையும் மாலைவரை ஒரு மர பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாள்.

“ஜெராக்ஸ், ஆக்ஸிஜன் வண்டிக்கு இன்னொரு சாவி கரையில ஒருத்தர்கிட்ட இருக்கணும்னு நானும் யோசிக்கலை. அது என் தப்பு. அந்த வாத்தியாருக்கு ஏதாவது ஆச்சுன்னா அதுல எனக்கும் பங்கு உண்டு.”

அதை டாக்டரிடம் சொல்லேன் என்றேன். “செத்தாலும் சொல்ல மாட்டேன்” என்றாள்.

இன்ஸ்பெக்டர் கடைசியில் அந்த நோட்டைப் புரட்டினார். தம்பதியைப் பற்றி நான் எழுதியிருந்த வரியில் விரலை வைத்து, “இது என்ன?” என்று கேட்டார். சாவிக்காரி சொன்னாள். அவர் சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. எங்களை அனுப்பிவிட்டார்; வேனை அனுப்பவில்லை.

பதினொரு நாள் கடை மூடிக் கிடந்தது. என் மேஜையில் பேனா ஆடாமல் கிடந்த பதினொரு நாள். அதற்குள் வீடியோ ஊரெல்லாம் சுற்றிவிட்டது. ஆக்ஸிஜன் பெட்டியை எடுக்கிற இடத்துக்கு முன்பே அதை வெட்டிவிட்டிருந்தார்கள். கார் கதவு திறக்கிறது, அலறுகிறது, அவ்வளவுதான். என் கடைக்கு ஆதார் அட்டை நகல் எடுக்க வந்தவர்கள்கூட, “பக்கத்துக் கடைதானா அந்தப் பொம்பளை?” என்று கேட்டார்கள். அவள் ஷட்டரில் யாரோ சாக்பீஸால் ‘திருடி’ என்று எழுதினார்கள். நான் ஈரத்துணியால் துடைத்தேன். மறுநாள் திரும்ப எழுதினார்கள்.

மூன்றாவது வாரம் அந்தத் தம்பதி பிடிபட்டார்கள். போலீஸ்காரர்களே நீச்சல் உடுப்பில் போய், டயர் மேல் சாவி வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கியிருக்கிறார்கள். பைனாகுலரில் எல்லாவற்றையும் பார்த்த அந்த அம்மா, கடலைக் காவல் காத்துக்கொண்டு நாற்காலியிலேயே இருக்க, பெரியவர் எழுந்து காலாற நடப்பதுபோலப் போய்ச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்திருக்கிறார். எடுத்ததை எடுத்துக்கொண்டு, பூட்டி, சாவியை இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பதுதான் அவர்கள் வழக்கமாம். அவர்கள் வீட்டு அலமாரியில் ஒன்பது போன் இருந்தது.

அன்று மாலை கிளப்பின் போன் குழுவில் ஒரு செய்தி வந்தது. ‘சமீபத்திய சம்பவங்களில் ஏற்பட்ட புரிதல் குறைவுக்கு வருந்துகிறோம்.’ யாருக்கு, எதற்கு என்று ஒன்றும் இல்லை. இரண்டு நாள் கழித்து அக்கா வந்தாள். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் ஒரு கிழிந்த ரப்பர் பட்டை. டாக்டரின் கார்க் கதவு ஓரத்தில் இருந்தது. அன்று கதவை நெம்பியபோது கிழிந்துவிட்டதாம்.

“உன்கிட்ட காட்டிட்டு வரச் சொன்னாரு” என்றாள் அக்கா, தரையைப் பார்த்தபடி.

“வேற ஒண்ணும் சொல்லலையா?”

“அவரு குணம் உனக்குத் தெரியாதாடி?”

சாவிக்காரி பையை வாங்கிக்கொண்டு, ஷட்டரை இறக்கிவிட்டு, நேராக டாக்டரின் கிளினிக்குக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். வரவேற்பறையில் கன்னத்தைப் பிடித்தபடி ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் டோக்கன் வாங்கவில்லை. உள்ளறைக் கதவைத் திறந்து வாசலிலேயே நின்றாள். டாக்டர் மாஸ்க்கோடு குனிந்திருந்தார். நாற்காலியில் ஒரு ஆள் வாயைத் திறந்தபடி கிடந்தார்.

“எல்லார் முன்னாடியும் என்னைத் திருடின்னு சொன்னீங்க டாக்டர். இப்ப எல்லார் முன்னாடியும் இல்லைன்னு சொல்லுங்க.”

“வேலை நேரத்துல வந்து என்ன இது? வெளிய போ.”

“ஒரே ஒரு வார்த்தை. சொல்லிட்டு வேலையைப் பாருங்க.”

“முதல்ல வெளிய போ. உங்க அக்கா முகத்துக்காகத்தான் பொறுமையா இருக்கேன்.”

உதவிக்கு இருந்த பெண் வந்து கதவைச் சாத்தினாள். சாவிக்காரி வரவேற்பறையில் உட்கார்ந்தாள். மடியில் அந்த ரப்பர் பட்டை. பக்கத்தில் இருந்தவர் என்ன விஷயம் என்று கேட்டார், விவரமாகச் சொன்னாள். அடுத்தவர் கேட்டார், அவருக்கும் சொன்னாள். மாலை ஆறு மணிவரை வந்த ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னாள். பல்வலியோடு வந்தவர்கள் வலியை மறந்து கேட்டார்கள். ஆறரைக்கு விளக்கை அணைக்க வந்த அந்தப் பெண், “டாக்டர் பின்பக்கமா எப்பவோ போயிட்டாரும்மா” என்றாள்.

ரப்பர் பட்டையை அவர் நாற்காலியில் வைத்துவிட்டு வந்தோம். பாதித் தூரத்தில் அவள் ஒரு தடவை நின்று, “பின்பக்கமா!” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

கிளப்பில் இப்போது கடல் சாவி வேறொரு ஆளிடம் வெட்டுகிறார்கள். அக்கா மாதத்துக்கு ஒரு தடவை தனியாக வருவாள், டீ குடிப்பாள், அவரைப் பற்றிப் பேசாமல் போவாள்.

போன மாதம் அந்தக் கணக்கு வாத்தியார் வந்தார். ஒரு கால் இன்னும் சரியாக இல்லை, ஊன்றுகோல். வீட்டுப் பூட்டுக்கு ஒரு சாவி வேண்டுமென்றார். அவள் மாதிரிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்ட பிறகும் அவர் போகவில்லை.

“அன்னைக்கு ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போது எனக்கு நினைவு இருந்துச்சும்மா. அவர் உங்களைத் திருடின்னு சொன்னது காதுல விழுந்துச்சு. வாயைத் திறக்க முடியலை.”

“அப்புறம் திறக்க முடிஞ்சுதா?”

அவர் ஊன்றுகோலை மறு கைக்கு மாற்றினார். “முடிஞ்சுது. ஆஸ்பத்திரிக்குத் தலைவர் தினமும் வந்து பாத்துக்கிட்டாரு. அவர்கிட்ட போயி எப்படிச் சொல்றது…”

“சரி” என்றாள். “நாளைக்கு நாலு மணிக்கு மேல வாங்க. சாவி தயாரா இருக்கும்.”

அவர் இன்னும் ஏதோ எதிர்பார்த்து நின்றார். அவள் மிஷினைப் போட்டுவிட்டாள். அந்தச் சத்தத்தில் யாரும் எதுவும் பேச முடியாது.